பெட்டிக்குள் என் தப்பு

பத்து வருடம் ஒரு ராக் இசைக்குழுவில் தாளம் வாசித்தேன். கொழும்பில் ஒலிப்பதிவு, ஊர் ஊராக மேடை. டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் நின்று கொங்கா, தம்புரின், எதைக் கொடுத்தாலும் அடிப்பேன். குழுவின் தலைவன் கிட்டார்க்காரன்; வீட்டிலும் இங்கிலீஷ் பேசி வளர்ந்தவன், தமிழ் அரைகுறை. என்னை 'மச்சான்' என்பான். நானும் அதை உறவென்று நம்பினேன். அசட்டுத்தனம்.

ஒரு பாட்டுப் பதிவுக்கு அப்புத்தளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்பைக் கொண்டுபோனேன். காமன் கூத்துக்கு லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் அடிக்கிற அதே பறை. "இதுக்குப் பேரு தப்பு" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்டூடியோக் குளிரில் தோல் தொய்ந்துவிட்டது. வாசலில் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினேன். காவலாளி தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். உள்ளே போய் அடித்தேன். நாலாவது சுற்றில் இடக்கைக் குச்சி நழுவியது.

"ஐயோ, தப்பு!" என்றேன் வாய்விட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவன் துள்ளிக் குதித்தான். நான் மேளத்தின் பெயரைக் கூவினேன் என்று நினைத்துவிட்டான். "சுப்பர் மச்சான், அது அப்பிடியே இருக்கட்டும்!" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. அந்த இடம் வந்தால் கூட்டமே 'தப்பு' என்று கத்தும்.

பிறகு வெளிநாட்டுப் பயணம் வந்தது. மற்ற எல்லோருக்கும் விசா கிடைத்த பிறகுதான் எனக்குப் போன் எடுத்தான்.

"ஆள் குறைச்சுத்தான் போறோம் மச்சான். கோவிக்காத. உன் அடி எல்லாம் பெட்டியில இருக்கு."

பொத்தானை அமுக்கினால் பதிந்த அடியை ஒலிக்கிற இயந்திரத்தைச் சொன்னான். எங்கள் தோட்டத்தில் பெட்டியில் வைத்தால் அடுத்தது குழிதான். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. திரும்பி வந்த பிறகும் கூப்பிடவில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ப்பக்கம், பதுளை மைதானத்தில் அவர்கள் நிகழ்ச்சி. வேண்டாம் என்றேன், மனைவி இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பாட்டு வந்தது. பெட்டிக்குள் என் குச்சி நழுவியது, என் குரல் ஒலித்தது, மைதானமே கத்தியது.

"இது ஒங்க கொரல்தானே? அப்ப நீங்க ஏங்க இங்க நிக்கிறீங்க?" என்றாள் அவள்.

இடைவேளையில் தலைவன் கீழே இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான்.

"மச்சான்! உன் ஊர்ல உன் சத்தம்! எப்பிடி?"

"தப்பு" என்றேன், அவன் முகத்தை நேராகப் பார்த்து.

சிரித்தான். "ஆமா மச்சான், தப்பு!" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேடைக்குப் போனான்.