ஹீட்டருக்குப் பிடித்த காத்து

கனடாவில் இருக்கும் சுருளியின் மகள் தமிழ்வாணிக்குக் காத்து பிடித்துவிட்டதாம். ஆனையூர் ரேஷன் கடை வரிசையில் ஒச்சாயி சொன்னாள். அவளுக்குப் பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். அதைக் கேட்ட சுருளியின் பெண்டாட்டி பாண்டீஸ்வரி சர்க்கரை கூட வாங்காமல் புருஷனின் பட்டறைக்கு ஓடினாள்.

சுருளிக்கு முப்பது வருஷமாக டீசல் இன்ஜின்தான் சோறு போடுகிறது. எழுமலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் பம்புசெட் மக்கர் செய்தாலும் அவரைத் தேடி ஆள் வந்துவிடும். ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அன்றைக்கு அதை, மகளோடு வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்த போன் மேல் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்குக் காத்து புடிச்சிருச்சுன்னு ஊரே பேசுது. மந்திரிக்க ஆளைக் கூப்பிடாம என்ன செய்யிறீக?"

"அடியே, காத்து வாணிக்குப் புடிக்கலை. அவ வீட்டு ஹீட்டருக்குப் புடிச்சிருக்கு."

"அய்யய்யோ, ஹீட்டருக்குமா!"

காலையில் பட்டறையில் நாலு பேர் காதுபட அவர் மகளிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: "லைன்ல காத்து புடிச்சிருச்சும்மா, அதை விரட்டணும்." அங்கே வீட்டைச் சூடாக்குவதே எண்ணெய் அடுப்புதான். டாங்கி வறண்டு, நேற்றுத்தான் நிரப்பியிருக்கிறார்கள். குழாயில் காற்று நின்றுகொண்டு எண்ணெயை விடவில்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மாப்பிள்ளை வெளியூர். மெக்கானிக் வர இரண்டு நாளாகும். தமிழ்வாணி கைக்குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டு உருண்டையாக்கி வைத்திருந்தாள்.

"அப்பா, ரீசெட் பட்டனை ஒரு தடவை அமுக்கிட்டேன். அடுப்பு பத்தலை."

"சும்மா சும்மா அமுக்காத, எண்ணெய் உள்ள தேங்கிரும். பம்புல சின்ன ஸ்குரூ தெரியுதா? டப்பாவை அடியில வச்சு, கால் சுத்து திருகு. இப்ப ரீசெட்டை ஒரே அமுக்கு."

"நுரையா வருதுப்பா! புஸ்ஸு புஸ்ஸுங்குது!"

"அதான் காத்து. நுரை நின்னு வெறும் எண்ணெய் வந்ததும் முறுக்கிரு. அம்புட்டுத்தான்."

பாண்டீஸ்வரி போனுக்குள் தலையை நுழைத்தாள். "வாணீ! அது வெளிய போறப்ப எதிர்ல நிக்காதத்தா! ஓரமா ஒதுங்கு!"

அந்தக் கத்தலில் வாணி அரண்டு திரும்பினாள். போன் கைநழுவியது. திரையில் கூரை தெரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியாமல் கால் கட்டானது.

"ஸ்குரூவை முறுக்குனாளா இல்லையா? முறுக்கலைன்னா எண்ணெய் வீடு பூரா கொட்டிருமே!" சுருளி போனை ஆட்டிப் பார்த்தார்.

"அடுப்பு பத்திருச்சாங்க?"

"நீ பேசாம இரு தாயே."

மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.