வேலையைக் கரண்ட்டிடம் விட்டவர்

வேங்கிக்காலில் எங்கள் ஜிம்முக்கு ஒரு அரிசிக்கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். தசைக்குள் லேசாகக் கரண்ட் விட்டு உடம்பை வலுவாக்கும் ஜிம் அது. கரண்ட் நன்றாகப் பாய நனைத்துத் தரும், ஒயர் தொங்கும் ஜாக்கெட் அவர் தொப்பையைத் தாண்டுவதே பெரிய பாடு. கரண்ட் பாயும்போதெல்லாம் "அருணாசலா!" என்று அலறுவார். ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார்.

"சும்மா நிக்காதீங்க சார். கரண்ட் வர்றப்போ உக்காந்து எழுந்தாத்தான் பலன்" என்று கோச் கெஞ்சுவான்.

"அதான் கரண்ட் வேலை செய்யுதே தம்பி. ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

ஒழுங்காக உட்கார்ந்து எழும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பினேன். பாதி சுற்றுவதற்குள் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே அவர், மலையைக் கும்பிட்டபடி.

"நடந்து சுத்தினாத்தானே சார் புண்ணியம்?" என்றேன் எரிச்சலாக.

"ஆட்டோ சுத்துதே, போதாதா? ஏறுங்க, உங்களுக்கும் சேத்து அதுவே சுத்தும்" என்று நகர்ந்து இடம் விட்டார்.

அவர் பேச்சில் எங்கே தப்பு என்று இன்னும் யோசிக்கிறேன். யோசிக்க ஆரம்பித்ததே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.