அப்பா குதிக்காத படி

சித்தப்பாவின் செத்தவீட்டில், அவரைப் போல நல்ல மனுசன் இல்லையென்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொம்பனித்தெருவில் பேரை என்கிற ஏரியின் கரையோரம் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்கு, வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. ஏரிக்காற்று அதை ஓயாமல் தின்றது. வெல்டிங் வேலை செய்கிற அப்பாதான் அதைத் திருத்துவார். துருப்பிடித்த இடத்தை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்து ஒட்டுவார். பிறகு தானே ஏறி மூன்று தரம் குதிப்பார். அவர் குதிக்காத படியில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

அந்த முறை வெல்டிங் வெளிச்சம் அடித்து அப்பாவின் கண்கள் வீங்கிவிட்டன. உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். நடுப்படியோ இற்றுப்போயிருந்தது.

"நான் பார்க்கிறன் அண்ணே, நீங்க படுங்கோ" என்றார் சித்தப்பா.

பார்த்தார்! எதையும் வெட்டவில்லை. ஓட்டைகளுக்குள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தை அமுக்கித் தேய்த்து, மேலே பச்சைப் பெயின்ட் பூசினார். ஓரத்தில் மட்டும் இரண்டு பொட்டு வெல்டிங். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பின்னேரம் பெயின்ட் காய்ந்தது. மேல்மாடியில் இருந்த முஸ்லிம் மாமி ஏறவில்லை.

"ஒங்கட அண்ணன் குதிக்கட்டும் தம்பி. அதுக்குப் பொறகு நான் ஏறுறன்."

"கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் குதிச்சா, பிறகு ஏரிக்குள்ளதான் தேடோணும். அவர்ட மகள் குதிச்சாக் காணாதோ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சித்தப்பா என்னைத் தூக்கி, படியின் ஓரத்தில் விட்டார். எட்டு வயது, எலும்பும் தோலும். மூன்று தரம் குதித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்களைக் கண்டால் ஒளிகிற நான், "இன்னொருக்கா குதிக்கட்டா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை மாமி தண்ணீர் வாளியோடு ஏறினார். படி முறிந்து, முழங்கால் வரை கால் உள்ளே போய்விட்டது. இரும்பு சதையைக் கிழித்தது. அந்தக் காலை அவர் பிறகு நேராக ஊன்றவே இல்லை.

அலறல் கேட்டு அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அதற்குள் சித்தப்பா முறிந்த தகட்டை ஏரிக்குள் எறிந்துவிட்டார்.

"நான் குதிக்க முந்தி இதில ஏறச் சொன்னது ஆர்? ஆர் குதிச்சுக் காட்டினது?" என்று அப்பா கத்தினார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுசன், என்னைப் பார்த்தார்! "பிள்ளைதான்..." என்று தொடங்கினார்.

"ஒருத்தரும் குதிக்கல்ல" என்றார் இரத்தத்தோடு கிடந்த மாமி. "நாந்தான் அவசரப்பட்டு ஏறினன்."

கை தட்டினவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா மாமியைத்தான் ஏசினார். பொறுமையில்லாத பொம்பிளை என்றார். சித்தப்பாவும் சேர்ந்து தலையாட்டினார்.

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். நோவில் மாமிக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதென்று நினைத்தேன். நல்ல காலம் என்றும் நினைத்தேன்.