மெட்டுப் பிடுங்கிய கிட்டார்

போன வாரம் கிள்ளானில் ஒரு கல்யாணம். ஒலிபெருக்கிக்காரப் பையன் மைக்கைத் தட்டி "டெஸ்டிங், டெஸ்டிங்" என்றான். பாயசக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு சொல்லுக்குப் போய் இப்படியா என்று சிரிப்பீர்கள். மணியத்தைத் தெரிந்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு பேண்டு இருந்தது. மணியம் எலெக்ட்ரிக் கிட்டார். நான் தபேலா, ஏதோ தட்டுவேன். கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசிப்போம்; சோறு போட்டது அதுதான். அந்த மணியத்துக்குத் தோடி ராகப் பைத்தியம் பிடித்தது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் கமகத்தை வழுக்க விடவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் குறடால் பிடுங்கிவிட்டான். பள்ளங்களை அடைத்த மரப்பசையின் வாடை இன்றும் எங்கே அடித்தாலும் அவன் ஞாபகம்தான்.

"டேய், இனிமே சினிமாப் பாட்டுக்கு விரல அழுத்தி கார்ட் எப்படிடா புடிப்ப?"

"புடிக்க மாட்டேன். கச்சேரி வாசிக்கப் போறேன்."

சபாக்காரர்கள் கரண்டு கிட்டாரா என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில் இடம் கிடைத்தது. மணியம் தோடியைத் தொட்டான். அடடா! சுரம் சுரமாக இழைத்து, அவசரமே இல்லாமல் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலாபனைக்குத் தாளம் ஏது? இரவல் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கமிட்டி அங்கிள் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "தம்பி, டெஸ்டிங் போதும் லா. நல்ல மெட்டா ஒண்ணு போடுங்க, ஜனங்க காத்திருக்காங்க."

கூட்டம் கைதட்டியது. பாவம், அவர் கிண்டல் செய்யவில்லை. கிட்டாரைப் பார்த்ததும் சினிமாப் பாட்டு என்றும், ஆலாபனையை மைக் டெஸ்டிங் என்றும் நினைத்துவிட்டார். மணியம் என்னைப் பார்த்தான். அவர் கேட்டதைப் போடவும் வழியில்லை, மெட்டைத்தான் பிடுங்கியாயிற்றே.

ஒயரைக் கழற்றிவிட்டுத் தோடியை முடித்தான். கரண்டு இல்லாத அந்தக் கிட்டார் பக்கத்து ஆளுக்குத்தான் கேட்கும். ஜனங்கள் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போனார்கள்.

பேண்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. மணியம் செலாயாங் சந்தைக்கு லோரி ஓட்டப் போனான். கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவே இல்லை. இப்போது கேட்க அவனும் இல்லை.

அந்தத் தோடியை யாரும் பதிவு செய்யவில்லை. முழுக்கக் கேட்டவன் நான் ஒருவன்தான். எனக்கும் இப்போது காது மந்தம். "டெஸ்டிங்" மட்டும் நன்றாகக் கேட்கிறது.