நேரில் பார்த்த பேய்

எதிர் வீட்டுக்காரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இப்போதும் வாய் வராது. எங்கள் அபார்ட்மெண்டில் அவள் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். என் வீட்டு ஹால் ஜன்னலைத் திறந்தால் அவள் வாசல்தான் தெரியும். அது கட்டியவர்கள் செய்த தப்பு, நான் என்ன செய்ய முடியும்?

பெங்களூரில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஓசூருக்கு வந்த கன்னடக் குடும்பம் அது. அவளுக்கு என்னைவிட வயது குறைவு, முடி அதிகம். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

போன வருடம் அக்டோபர் கடைசியில் அவள் எங்கள் பிளாக் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வீட்டிலேயே பேய் பார்ட்டி வைத்தாள். வெளிநாட்டில் அந்தச் சமயத்தில் பிள்ளைகளுக்குப் பேய் வேஷம் போடுவார்களாம். ஹால் முழுக்க ஆரஞ்சு பலூன், பஞ்சைப் பிய்த்துச் செய்த சிலந்தி வலை, கண்ணு முழித்துப் பார்க்கிற கேக். எல்லாம் ஆன்லைனில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை நானே பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் போய்விட்டு வந்தாள். வந்தவள் ஒரு மாதம் என்னைத் தூங்க விடவில்லை. தட்டில் தோசை வைத்தால், "ஆண்ட்டி வீட்டுல தோசைக்கே பல்லு வெச்சிருந்தாங்கம்மா" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

வேஷம் என்றால் அது என் ராஜ்ஜியம். மகளின் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குக் கத்தரிக்காய், தபால் பெட்டி, பால் பாக்கெட் என்று எது சொன்னாலும் நானே வெட்டி, ஒட்டி, தைத்துக் கொடுப்பேன். ஒரு தடவைகூட அவள் பரிசு வாங்காமல் வந்ததில்லை. பிளாக்கில் யார் பிள்ளைக்கு வேஷம் என்றாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அத்தனை பேரையும் எதிர் வீட்டுக்காரி ஒரே சாயங்காலத்தில் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் நான் முந்திக்கொண்டேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனி பஸ்களில் கட்டிய வாழைக்கன்று வாடுவதற்குள் பிளாக் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன்: பேய் பார்ட்டி இந்த முறை எங்கள் வீட்டில். முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது அவள்தான். கொஞ்சமாவது முகம் சுருங்கியிருக்க வேண்டாமா?

எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடப் போட்டிதான். அதனால் பார்ட்டியையும் அப்படியே திட்டம் போட்டேன். ஒவ்வொரு பேயும் முன்னால் வந்து மைக்கில் நாலு வரி பேச வேண்டும். முதல் பரிசு உண்டு. கடையில் வாங்கிய பேய், டிவியில் வருகிற பேய் எதுவும் செல்லாது. நேரில் பார்த்த பேய், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்ட பேய்தான் வர வேண்டும். இந்தக் கடைசி விதி எதிர் வீட்டு ஆன்லைன் பெட்டிகளுக்காகவே போட்டது.

"ஏம்மே, பேய்க்கு எதுக்கு மைக்கு?" என்றார் கணவர்.

"நீங்க தெர்மாகோல் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

கம்பெனியில் மிஷின் வந்த பெட்டிகளில் மிச்சமான தெர்மாகோலை அவர் கொண்டுவந்தார். அதை எலும்பு எலும்பாக வெட்டிக் கருப்பு பேன்ட், சட்டையில் ஒட்டினேன். என் மகளுக்கு அது சுடுகாட்டு எலும்புக்கூடு வேஷம். பேச வேண்டிய வரிகளையும் நானே எழுதி, ஒப்பிக்க வைத்தேன். குட்டி இட்லிகளில் பாதி கருப்புத் திராட்சையைப் பதித்துக் கண் வைத்தேன். விழா என்றால் நடுவர் வேண்டும். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அவளைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண் குளிரப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லாம் முடிந்ததும் என் மகள் என்னிடம் வந்து, "ஆண்ட்டி வீட்டு பார்ட்டியவிட இதுதாம்மா நல்லா இருந்துச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது.

சாயங்காலம் தூறலோடு பேய்கள் வந்து சேர்ந்தன. முதல் பேய் கைகூப்பிக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு புளியமரப் பேய். தொரப்பள்ளி போகும் வழியில் குடியிருக்கிறேன். நன்றி" என்றது. அடுத்து லிஃப்ட் பேய். அதன்பின் கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரண்ட் போன பேய் வந்து தடுக்கி விழுந்தது. ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. எதிர் வீட்டுக்காரியும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசியாக என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். படுக்கையறையிலிருந்து எலும்புக்கூடு வரவில்லை. என் நைட்டி வந்தது. தரையில் புரள, தோளில் என் துண்டு, விரித்துவிட்ட முடி. நேராக ஹால் ஜன்னலுக்குப் போய் கர்ட்டனுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே காட்டினாள். அப்படியே மைக்கை வாங்கினாள்.

"அனைவருக்கும் வணக்கம். நான் கர்ட்டன் பேய். இந்தப் பேயை நான் தினமும் நேரில் பார்க்கிறேன். எதிர் வீட்டுக்கு யார் வர்றாங்க, என்ன பெட்டி வருதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அடுப்புல பால் பொங்கினாலும் வர மாட்டேன். நன்றி."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவர் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஒரு நப்பாசை இருந்தது. எதிர் வீட்டுக்காரிக்குத் தமிழ் அரைகுறை. வேகமாகச் சொன்னதில் பாதி புரிந்திருக்காது. எதிர் வீடு என்றால் எந்த வீடாகவும் இருக்கலாம்.

என் மகள் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"ஆண்ட்டிக்குப் புரியணுமில்ல" என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டில் விளையாடிப் பழகிய கன்னடத்தில் மறுபடியும் ஆரம்பித்தாள். "நானு கர்ட்டன் தெவ்வா. நிம்ம மனெகே யார் பந்த்ரூ நோட்தா இர்த்தீனி." உங்க வீட்டுக்கு யார் வந்தாலும் பார்த்துக்கிட்டே இருப்பேன். தமிழில் எதிர் வீடாக இருந்தது கன்னடத்தில் உங்கள் வீடாகவே ஆகிவிட்டது. நான் தமிழே பேசுகிற மத்தூர்ப் பக்கத்துக்காரி, கன்னடம் சரளமாக வராது. ஆனால் அந்த வரியில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.

எதிர் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்து போய் என் மகளுக்கே முதல் பரிசு என்றாள். நான் வாங்கி வைத்திருந்த டிபன் பாக்ஸைத் தன் கையால் கொடுத்தாள். மகள் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் நைட்டியைப் போட்டுக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிள்ளைகள் கண் வைத்த இட்லியைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். கடைசியாகக் கிளம்பினவள் அவள்தான். செருப்பைப் போட்டுக்கொண்டே, மெதுவாக, அவளுடைய தமிழில் சொன்னாள்:

"அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. நானும் பகல்ல தனியாத்தான் இருக்கேன். கதவு தெறந்தே இருக்கும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவளிடம் நான் அதுவரை பொறாமைப்படாமல் விட்டுவைத்திருந்தது அவள் குணம் ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.