வட்டி வாங்க வந்த தாய்மாமன்

தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவன் கண்மாயை விலைக்கு வாங்குவது அரிது. நான் வாங்கினேன். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த அந்த நிலத்தில் வெள்ளையடித்த எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன. தரகர் மூச்சுக்கு மூச்சு என்னை 'சார்' என்றார். படித்தவனை வீழ்த்த அது போதும். ஐப்பசியில் மழை இறங்கிக் கண்மாயில் நீர் நிறைந்தபோது என் மனையின் வடகிழக்கு மூலைக் கல்லின் மீது ஒரு கொக்கு நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரம் என் பெயரில் இருந்தது. அனுபவ பாத்தியதை கொக்குக்கு.

இந்தக் கொள்முதலுக்காக நான் கடன் வாங்கிய தொகை அறுபதாயிரம் ரூபாய். அப்போது தனியார் கல்லூரி ஒன்றில் அறவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் சொற்பம், அதுவும் நிர்வாகத்தின் மனநிலையை ஒட்டி வரும். வட்டி மட்டுமே அதில் ஏறத்தாழப் பாதியைத் தின்றது. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று.

கண்மாய்க்காக என் மனைவி என்னைத் திட்டியது ஒரே ஒரு நாள். மறுநாள் காலை, தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சட்டம் இயற்றினாள்.

"பிள்ளைக காதுல இந்தக் கடன் விழவே கூடாது. நம்ம பயந்த மூஞ்சியப் பாத்து வளந்துச்சுகன்னா, காலம்பூரா யாரு கதவத் தட்டுனாலும் பயப்படுங்க. எனக்கு அது வேணாம்."

"அப்ப நான் எப்பத்தான் கவலைப்படுறது?"

"ரேஷன் கடை வரிசையில நிப்பீகள்ல, அங்க பட்டுக்கங்க. வீட்டுக்கு வாரப்ப மூஞ்சியத் தொடச்சுட்டு வாங்க."

அவள் பேரையூர்ப் பக்கத்தில் ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவள். பருத்தி பொய்த்த ஆண்டுகளில், கடன்காரர் குரல் கேட்டதும் மாட்டுக்கொட்டத்துக்குள் பதுங்கும் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவள். ஆகவே சட்டத்தில் திருத்தம் கோர எனக்கு இடமில்லை. பணிந்தேன். மண்ணெண்ணெய்க்கு நின்ற நாள்களில் விரிவாகவும், சர்க்கரைக்கு நின்ற நாள்களில் சுருக்கமாகவும் கவலைப்பட்டேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் முகங்களைப் பார்த்தால், அந்த வரிசையை இதே நோக்கத்துக்குப் பயன்படுத்தியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தோன்றும்.

வீட்டுக்குள் நாங்கள் வசதியானவர்களாக நடித்தோம். மாதக் கடைசியில் இரண்டு பரோட்டா வாங்கி, கடைக்காரரிடம் கூச்சத்தை விட்டு மூன்று பொட்டலம் சால்னா கேட்டு வருவேன். பரோட்டா பிள்ளைகளுக்கு, மிஞ்சிய சால்னா எங்கள் சோற்றுக்கு. அதை அவள் 'ஓட்டல் சாப்பாட்டு நாள்' என்று அறிவித்திருந்தாள். பிள்ளைகள் அந்த நாளுக்காகக் காத்திருந்தார்கள். நானும்தான்.

நடிப்புக்கு ஒரே இடையூறு, கடன் கொடுத்தவர். பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர், ஆகிருதியான மனிதர். மாதத்தின் முதல் ஞாயிறு மொபெட்டில் வருவார். வாசலுக்கு வர மாட்டார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, "வாத்தியாரே!" என்று ஒரு குரல் கொடுப்பார். கடனை அவர் வசூலித்தது அந்தக் குரலால்தான். தெருவின் எல்லாச் சன்னல்களும் அவருக்குச் சம்பளமில்லாத ஊழியர்கள்.

முதல் முறை அந்தக் குரல் கேட்டபோது மகள் ஓடிவந்து கேட்டாள்: "யாரும்மா அது, அப்பாவ வையிறது?"

"மாமா. அவுகளுக்குத் தொண்டையே அப்பிடித்தான்," என்றாள் மனைவி. பிறகு தெருவுக்கே போய், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அவரைவிட உரக்கச் சொன்னாள்: "என்னண்ணே, தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டுத் தெருவுல நின்னா நாலு பேரு என்ன நெனப்பாக? உள்ள வாங்க. காப்பி ஆறுது."

தொழிலில் அவருக்கு இப்படி நேர்ந்திருக்காது. சுற்றுமுற்றும் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். உள்ளறையில் நான் எண்ணி வைத்திருந்த தாள்களை அவள் வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினாள். காப்பி நன்றாக இருந்தது. அவர் வரும் நாளுக்கென்று அவள் தனியாகப் பொடி வைத்திருந்தாள். மறு மாதம் அவர் கூப்பாடு போடாமலே உள்ளே வந்தார். அதற்கடுத்த மாதம் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். மகள் காலண்டரில் ஞாயிறுகளை எண்ணத் தொடங்கினாள். வட்டி கட்டும் நாளுக்காக ஏங்கிய குழந்தை மதுரை மாவட்டத்தில் வேறு எங்கும் இருந்திருக்காது.

வட்டியை இப்படிச் சமாளித்தோம். அசல் அசையவில்லை. அப்போதுதான் அவள் காதுகுத்தைப் பற்றிப் பேசினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து ஊரு பூரா மொய் செஞ்சிருக்கோம். நம்ம வீட்டுல ஒரு விசேசம் வச்சாத்தான திரும்பி வரும்? ரெண்டு பிள்ளைக்கும் மொட்டை போட்டுக் காது குத்துவோம்."

"காதுகுத்து ஒரு சடங்கு. அதக் காட்டிக் காசு தெரட்டுறது அறமா?"

"அந்த அறத்தக் கொண்டுபோயி அண்ணங்கிட்டக் குடுத்துப் பாருங்க, வட்டியில கழிச்சுக்கிறாராண்டு."

பதினோரு ஆண்டுகள் நான் படித்த அறவியல் அத்தோடு அவையை விட்டு வெளியேறியது.

கீழக்குயில்குடி மலையடிவாரத்து அய்யனார் கோயிலில் விழா. சமணத் துறவிகள் எல்லாவற்றையும் துறந்து கல்லில் படுத்திருந்த மலையின் கீழே, ஆலமரத்தடியில், மேசை போட்டு ஒலிபெருக்கி வைத்து மொய் வாங்கினோம். கடன் கொடுத்தவரும் வந்திருந்தார். அசலின் பெரும்பகுதியை அன்றே தருவதாக அவள் சொல்லியிருந்தாள். பாசத்தால் வந்தவர் அல்லர். மொய் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, விழுகிற ஒவ்வொரு நோட்டையும் பார்வையால் தடவிக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். உடன்பிறந்தான் இல்லாததால் சித்தப்பா மகன் ஒருவனை அவள் ஏற்பாடு செய்திருந்தாள். அவன் பட்டு வேட்டியோடும் முந்தின நாள் குடித்த சாராய வாசனையோடும் வந்து சம்மணமிட்டான். மகள் அவனைப் பார்த்தாள். ஒரே அலறல்.

"இவரு வேணாம்! எங்க மாமா மடியிலதான் உக்காருவேன்!" என்று கத்திக்கொண்டே ஓடி, மொய் மேசையருகே இருந்தவரின் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே மகனும் ஓடினான். அக்காள் செய்வதையெல்லாம் செய்யும் வயது.

கூட்டம் திரும்பியது. என் அத்தைமுறைக் கிழவி ஒருத்தி கேட்டாள்: "ஏத்தா, ஒனக்குத்தான் அண்ணந் தம்பியே கெடையாதே! இது யாரு?"

அந்த மனிதர் வாயைத் திறந்தால் முடிந்தது. இருநூறு பேரும், பிள்ளைகளும், ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார்கள்.  மனைவி கண்ணிமைக்காமல் சொன்னாள்: "பெரியப்பா வழி அண்ணன்."

"ஏம்மா, நான் வந்தது எதுக்குன்னா..." என்று அவர் தொடங்கினார்.

"அண்ணே, நல்ல நேரம் போகுது. பேசிக்கிட்டிருக்காம வந்து உக்காருங்க," என்று ஊசியோடு காத்திருந்த ஆசாரி அதட்டினார்.

அவர் குழந்தையைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மெல்ல எழுந்து வந்து உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் மகள் அவர் கையைக் கடித்தாள். அவர் ஆசாரியைப் பார்த்துக் கத்தினார்: "மெதுவாக் குத்துய்யா! பிள்ளைக்கு வலிச்சுச்சுன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்!" என் தெருவை நடுங்க வைத்த அதே குரல். முதன்முறையாக அது எங்களுக்காக ஒலித்தது.

அவருடைய சோதனை அத்தோடு முடியவில்லை. மொய் எழுதியவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார்: "தாய்மாமன் மொய் எம்புட்டு அண்ணே?"

இருநூறு பேர் பார்க்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "ஐயாயிரத்து ஒண்ணு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, மரியாதையோடு. பட்டு வேட்டிக்காரன் கிடா விருந்தைத் தொடாமல் கோபித்துக்கொண்டு போனான். இன்றுவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த விழாவின் வரவுகளில் அதையும் சேர்க்கிறேன்.

அன்று மாலை அவர் மனம் உருகிக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் நாற்பதாயிரத்தை இரண்டு முறை எண்ணி எடுத்துக்கொண்டார். அதில் அவர் வைத்த நோட்டுகளும் இருந்தன. மீதி இருபதாயிரத்துக்கு வட்டி முன்போலவே ஓடியது. அடைக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. இருநூறு வீட்டு மொய்யைத் திருப்பிச் செய்ய என் பணிக்காலம் முழுவதும் ஆனது. ஆனால் கடன் தீர்ந்த மறு மாதமும் முதல் ஞாயிறன்று மொபெட் வந்து நின்றது. வாங்க ஒன்றுமில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார். மனைவி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் கேட்க விடவில்லை.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். நோய் நீளவில்லை. அது யாருக்கு நல்லது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உடலைக் கிடத்தியிருந்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட யார் என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஊன்றுகோலோடு இறங்கிய முதியவர், மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்து அவள் மேல் விரித்தார். பிள்ளைகள் அவர் தோளில் விழுந்து அழுதார்கள். இத்தனை ஆண்டுகளும் என்னை 'வாத்தியாரே' என்றே அழைத்தவர், என் கையைப் பிடித்து "மாப்ள" என்றார்.  

போன வாரம் மகள் சென்னையிலிருந்து நடுப்பகலில் அழைத்தாள். மருமகனுக்கு வேலை போய் ஐந்து மாதங்கள். வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. வங்கியிலிருந்து யாரோ வீட்டுக்கே வந்து மணியடித்திருக்கிறார்கள். அழுதாள். பிறகு சொன்னாள்: "உனக்குப் புரியாதுப்பா. நீயும் அம்மாவும் ஒரு நாளாவது இப்படி அசிங்கப்பட்டிருக்கீங்களா?"

அவள் தாய் வென்றுவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. அந்த வெற்றியே இப்போது என் மகளைத் தனியாக நிறுத்தியிருந்தது. முப்பது ஆண்டுகள் ஒருத்தி காத்த சட்டத்தை அவள் இல்லாத நேரத்தில் மீறுவது எவ்வகை அறம் என்று சிறிது யோசித்தேன்.  கண்மாயில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.



"அப்ப மாமா நமக்கு மாமா இல்லையாப்பா?"

"பெறந்த வீட்டுக் கோடி கொண்டாந்தவர வேற என்னன்னு சொல்லுவ?"

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "வட்டி எம்புட்டு?"

"நூத்துக்கு மூணு. மாசத்துக்கு."

"தாய்மாமனா இருந்துமா?"

"அதுக்கப்பறமும் மூணுதான்."

அவள் சிரித்தாள். தாய் போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு அது; அழுகையோடு கலந்துதான் வந்தது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

"பேரன் பக்கத்துல இருக்கானா?"

"இல்லப்பா, ஸ்கூலுக்குப் போயிருக்கான்."

"அப்பன்னாச் சொல்லு. மொத்தம் எம்புட்டு?"