கேட்டவர் கீழே போன பட்டியல்

போன சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வழி மறித்தார்.

"தம்பி, பேச்சுப் பயிற்சி சென்டருக்கு லிஸ்ட்டு செஞ்சு கொடுத்தது நீங்கதானே?"

நான்தான். பேச்சு வராத பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் இடம் அது. காத்திருப்போர் பட்டியலுக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்திருந்தேன். பெருமையாகத் தலையாட்டினேன்.

"மகளுக்கு அஞ்சு வயசாவப் போவுது. அம்மான்னுகூட வரல. வாரா வாரம் போன் பண்றேன். எட்டு மாசத்துக்கு முன்னால ஆறாவதுன்னாங்க. இப்ப முப்பத்தொண்ணாம்! என்னா லிஸ்ட்டு தம்பி அது?"

பெயர் பரமேஸ்வரி. பாயான் பாருவில் ஃபேக்டரி வேலை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரோ ஆள் பார்த்து உள்ளே விடுகிறார்கள்! மீனை அப்படியே விட்டுவிட்டு சென்டருக்குப் போய், கிளார்க் ஸ்டெல்லாவிடம் கத்தினேன்.

"கத்தாதீங்க லா அண்ணே. அந்த அக்கா கூப்பிடறப்பல்லாம் 'போன் வந்தது'ன்னு அவங்க ரெக்கார்டுல எழுதி சேவ் பண்றேன். மறந்துடக் கூடாதுன்னுதான்."

சேவ்... சேவ் செய்தால் திருத்திய தேதி மாறுமே!

லேப்டாப்பைத் திறந்தேன். டேட்டாபேஸிலிருந்து வரும் பெயர்களை வரிசைப்படுத்த ஒரே ஒரு வரிதான். அதில் 'பதிவு செய்த தேதி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கடைசியாகத் திருத்திய தேதி' என்று எழுதியிருந்தேன். யாரும் தொடாத பெயர் மேலே. ஸ்டெல்லா தொட்ட பெயர் அடியில். சோதித்துப் பார்த்த அன்று எல்லாமே புதுப் பெயர்கள், இரண்டு தேதியும் ஒன்று. அதனால் சரியாகவே தெரிந்தது.

அதாவது — வாயை மூடிக்கொண்டிருந்தவர் மேலே போனார். அக்கறையாகக் கேட்ட தாய் ஒவ்வொரு போனுக்கும் கீழே போனார். கேட்பவரைத் தொல்லையாக நினைக்கும் ஆபீஸ்களை, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்? அதே புத்தியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்!

அந்த ஒரு வரியை மாற்றினேன். பட்டியல் புரண்டது. பரமேஸ்வரியின் மகள் முதலிடம். அடுத்து, அவரைப் போலவே வீட்டார் போன் செய்து கேட்ட இன்னும் மூன்று பிள்ளைகள். நால்வரும் எப்போதோ உள்ளே போயிருக்க வேண்டியவர்கள்.

சென்டர் தலைவர் அலட்டிக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் மிஸ்டேக்குன்னு சொல்லிடலாம் லா. இடம் காலியானா பார்ப்போம்."

"கம்ப்யூட்டர் நான் சொன்னதத்தான் செஞ்சது. தப்பு என்னுது. நாலு பிள்ளைக்கும் சனிக்கிழமை மத்தியானம் தனி வகுப்பு வைங்க. வைக்கிற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வகுப்பு கிடைத்தது.

நாலு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். பரமேஸ்வரி அக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப நீங்களே வச்சுக்குங்க தம்பி. எத்தன மணிக்கு வரணும், அத சொல்லுங்க."

இரண்டரை மணி என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஒரு பிள்ளையின் எட்டு மாதத்தை வீணடித்தவனுக்கு அந்த மரியாதையே அதிகம்.